மினாக்ஸிடில் 5% ஃபோம் (முடி வளர தலைல தடவற நுரை மருந்து), எட்டு மாசம் போட்டுப் பார்த்தாச்சு

வகிடு கோடா இருந்தது போய் பட்டையா தெரிய ஆரம்பிச்சுது, பாத்ரூம் லைட்டுக்குக் கீழ உச்சந்தலை பளபளன்னு மின்னுது, அப்பதான் பயந்துபோய் டாக்டரப் பார்த்தேன். தைராய்டு, ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்புச்சத்து இருப்பு) ரெண்டும் டெஸ்ட் எடுத்து சரியா இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் இத எழுதிக் குடுத்தாங்க.

மொதல்ல லிக்விட்தான் வாங்கினேன். ஒரே அரிப்பு, காதோரம் செதில் செதிலா உதிருது. அதுல இருக்கற புரோப்பிலீன் கிளைகால்ங்கற கரைப்பான் சிலருக்கு ஒத்துக்காதாம், ஃபோம்ல அது இல்ல, மாத்தினதும் அரிப்பு நின்னுடுச்சு. தினம் ஒரு வேளை, அரை மூடி அளவு, முடில இல்ல தோல்ல படணும், அதுதான் படுத்தல், விரல் சூட்டுக்கே நுரை கரைஞ்சு ஓடிருது, ஜில் தண்ணில கைய கழுவி துடைச்சிட்டு எடுத்தா கொஞ்சம் நிக்கும்.

மூணாவது வாரம் சீப்புல கொத்து கொத்தா வந்துச்சு பாருங்க, அழுதே அழுதுட்டேன். பழைய முடிய தள்ளிட்டு புதுசு வரும், சில வாரத்துல அடங்கிடும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்ததால நிறுத்தல. நாலு மாசம் ஒண்ணுமே தெரியல. அப்புறம் வகிட்டோரம் பூனைமுடி மாதிரி குட்டிக்குட்டியா முளைச்சுது. இப்ப பட்டை பாதியா குறைஞ்சிருக்கு, அவ்ளோதான், பழைய அடர்த்தியெல்லாம் வரல.

கன்னத்தோரம் லேசா முடி வந்திருக்கு, அது எரிச்சல். நிறுத்தினா சில மாசத்துல வந்ததும் போயிடும். கர்ப்பமா இருந்தாலோ பால் குடுத்தாலோ தொடாதீங்க. வீட்ல பூனை இருந்தா ரொம்ப ஜாக்கிரதை, இது அதுக்கு விஷம், நான் தலகாணி உறைய தினமும் மாத்தறேன்.