கிண்டில்ல தமிழ் புக்: மெஷின் ஓகே, ஃபைல்தான் சொதப்பல்

கிண்டில்ல (அமேசானோட இ-புக் படிக்கிற மெஷின்) தமிழ் புக் 2016 டிசம்பர்ல வந்துச்சு, இப்பல்லாம் தடி நாவல்னா நான் இதுலதான் படிக்கிறேன், எழுத்தை பெருசாக்கிக்கலாம், வெயில்லயும் கண்ணு கூசாது, கடையில கிடைக்காத பழைய புக் சிலதும் மாட்டுது. பிரச்சனை பதிப்பகங்கள்கிட்டதான். யூனிகோட் (எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லாத பழைய ஃபான்ட்ல அடிச்சு வச்ச ஃபைல அப்படியே கன்வெர்ட் பண்ணி ஏத்திவிட்டுடறாங்க சில பேரு, ப்ரூஃப் பாக்கறதே இல்ல. போன வாரம் வாங்குன ஒண்ணுல (பேரு வேணாம்) 'கொ' வர்ற இடமெல்லாம் கொம்பு தனியா கால் தனியா நிக்குது, பக்க நம்பர் வேற வரிக்கு நடுவுல வந்து உக்காந்திருக்கு! இதுக்கு பிரிண்ட் விலையில முக்காவாசி கேட்டா எப்படிங்க? ஒழுங்கா பண்றவங்களும் இருக்காங்க, பொருளடக்கத்துல தொட்டா நேரா அந்த அத்தியாயத்துக்கே போகுது. எதுக்கும் ஃப்ரீ சாம்பிள் இறக்கி நாலு பக்கம் புரட்டிட்டு அப்புறம் காசு கட்டுங்க.