மாற்றிய கணுக்கால் தளர்ந்துபோனால்: டர்பனில் நான் போன மருத்துவப் பிரிவு

கணுக்கால் மூட்டை மாற்றிக்கொண்டு, அது சரிவராமல் மறுபடி அறுவைக்குப் போக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தனியார் மருத்துவமனையின் பாத, கணுக்கால் பிரிவில் போன வருஷம் எனக்கு அந்த இரண்டாவது அறுவை நடந்தது. பில் விஷயத்தில் அவர்கள் மேல் எனக்குக் குறை இருப்பதால் பெயரைப் போடவில்லை. வைத்தியத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் ஐந்துக்கு ஐந்து. எல்லாம் சேர்த்தால் நாலு.

எங்கள் வீடு டர்பனின் ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியில். தெருவே ஏற்றமும் இறக்கமும்தான். பழைய எலும்பு முறிவால் தேய்ந்த மூட்டை மாற்றிய பிறகு சில வருஷம் நிம்மதியாக நடந்தேன். அப்புறம் இறக்கத்தில் கால் வைத்தால் உள்ளே குத்த ஆரம்பித்தது, சாயங்காலம் வீக்கம்.

இந்தப் பிரிவில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் சந்திப்பு. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் டாக்டர் தேதி குறிக்கவில்லை. சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் லேசாகத் தெரிந்த எலும்புக் குழிகள் அதில் பெரிதாகத் தெரிந்தன. செயற்கை மூட்டின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்து, அந்தத் துகள்களால் சுற்றியுள்ள எலும்பு அரித்து, கீழ்ப்பக்க உலோகம், குதிகால் எலும்புக்கு மேலே இருக்கும் தாலஸ் எலும்புக்குள் அமிழ்ந்துவிட்டது என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினார். தாலஸ் சின்ன எலும்பு, ரத்த ஓட்டமும் குறைவு. அதனால்தான் கணுக்காலில் மறு அறுவை இவ்வளவு சிரமமாம். கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை செய்தார், மூட்டில் ஊசி போட்டு நீரும் எடுத்தார். தொற்று இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டை வைத்து, தொற்று அடங்கிய பிறகுதான் அடுத்த அறுவை.

அடுத்து எண்களைச் சொன்னார். ஸ்வீடனில் கணுக்கால் மாற்றுக்கென்றே ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. பழைய பாகத்தை எடுத்துப் புதிதாக வைத்துக்கொண்ட 69 பேரின் கணக்கை அதிலிருந்து பார்த்தார்கள். ஐந்து வருஷம் தாக்குப் பிடித்தவை 76 சதவீதம், பத்து வருஷத்தில் 55. கருத்துச் சொன்ன நோயாளிகளில் திருப்தி என்றவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். இன்னொரு வழி மூட்டையே எடுத்து எலும்புகளை ஒட்டவைப்பது. அதே பதிவேட்டில் முதல் முயற்சியிலேயே எலும்பு ஒட்டியவர்கள் 90 சதவீதம். ஆனால் திருப்தி அங்கேயும் பாதிக்குச் சற்றுக் குறைவு. "ரெண்டுமே முதல் அறுவை மாதிரி இருக்காது, வலியைக் குறைக்கத்தான் செய்கிறோம்" என்றார். இதைக் கேட்க மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு நோயாளிக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு இப்படி எத்தனை கேஸ் செய்வீர்கள் என்று என் மகள் கேட்டாள். அதிகம் வருவதில்லை, சிக்கலானதற்கு இன்னொரு சர்ஜனையும் சேர்த்துக்கொள்வேன் என்று மழுப்பாமல் பதில் சொன்னார்.

நான் ஒட்டவைப்பதைத் தேர்ந்தெடுத்தேன். வயது அறுபது தாண்டிவிட்டது, எழுபதில் மறுபடி கத்திக்குப் போக மனமில்லை. கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டும் தேய்ந்திருந்ததால் அதையும் சேர்த்து, குதிகாலிலிருந்து முழங்கால் பக்கமாக ஒரு நீளக் கம்பி போட்டார்கள். குழியை நிரப்ப இடுப்பிலிருந்து எலும்பு எடுத்தார்கள். உண்மையைச் சொன்னால், முதல் சில நாள் காலைவிட இடுப்புதான் வலித்தது.

வார்டில் சிஸ்டர்கள் தங்கமானவர்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியை என் மகளே போடும்வரை பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். பிசியோ பெண் டர்பனுக்குப் பக்கத்து ஃபீனிக்ஸ்காரி. "ஆன்ட்டி, கால் ஊனக்கூடாது, ஊனக்கூடாது" என்று கதவுக்கு வெளியே நின்றும் சொல்வாள். வாரக்கடைசியில் மட்டும் பிசியோ யாரும் வருவதில்லை. இவ்வளவு பெரிய அறுவைக்கு அது சரியில்லை.

இப்போது எலும்பு ஒட்டிவிட்டது. அந்தக் குத்தல் இல்லை, தூக்கம் வருகிறது. கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அவர்களே அனுப்பிய செருப்புக்காரர் அடிப்பாகத்தை உயர்த்தி, முன்பக்கம் வளைத்துக் கொடுத்தார். அதைப் போட்டால் நொண்டல் அவ்வளவாகத் தெரியாது. கோயிலில்தான் கஷ்டம். வாசலில் செருப்பைக் கழற்றினால் உயரமும் போய்விடுகிறது, காவடி அன்று அவ்வளவு நேரம் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. இதைச் சொன்னதும் அவரே காலுறைக்குள் வைக்க ஒரு தடித்த ஃபெல்ட் துண்டு வெட்டித் தந்தார். கேட்டால்தான் தருகிறார்கள், அதனால் கேளுங்கள். வலது கால் என்பதால் கார் ஓட்டுவதைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பில்லைப் பற்றி. மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுக்கு நாம் மாதாமாதம் கட்டும் திட்டம்) அனுமதி எண் கொடுத்துவிட்டது, எல்லாம் அடங்கியது என்று நினைக்க வேண்டாம். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், உதவி சர்ஜன், எல்லோரும் தனித்தனியாக பில் அனுப்புகிறார்கள், மெடிக்கல் எய்ட் தரும் விகிதத்துக்கு மேல். வித்தியாசத்தில் பெரும்பகுதியை கேப் கவர், அதாவது இந்த இடைவெளிக்கென்றே தனியாக எடுக்கும் காப்பீடு, கொடுத்தது. அது இல்லாத குடும்பம் என்ன செய்யும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அலுவலகத்தில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். அறுவைக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். முழங்காலை வைத்துத் தள்ளிப் போகும் ஸ்கூட்டரை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். அது சமதளத்துக்குத்தான் சரி; எங்கள் தெரு மாதிரி இறக்கத்தில் வைத்தால் ஆபத்து.