எங்க சிட்டியோட "பில்லுக்கு லெட்டர் போடுற" சர்வீஸ்: அஞ்சுக்கு மூணு ஸ்டார், அதுல ஒண்ணு அந்த ஸ்டாஃப் மேடத்துக்கு

ஹோட்டலுக்கும் ஹெட்ஃபோனுக்கும் ரிவ்யூ எழுதுறோம், வரி கட்டுற சிட்டிக்கு எழுதக் கூடாதான்னு தோணுச்சு, அதான். கலிஃபோர்னியால ஒரு சின்ன சிட்டி எங்களோடது, பேர் வேணாம்.

மேட்டர் இதான். ஸ்டேட் தலைநகர் சேக்ரமெண்டோல சட்டசபைக்கு ரெண்டு அவை, அசெம்ப்ளில 80 பேர், செனட்ல 40 பேர், எல்லாரும் சேர்ந்து வருஷத்துக்கு ரெண்டாயிரம் பில் (சட்ட மசோதா) கிட்ட போடுறாங்க. அதுல நிறைய நேரா நம்ம சிட்டி தலைல வந்து விழும், வீடு கட்டுற ரூல், போலீஸ், குப்பை, தண்ணி எல்லாம். சிட்டிக்கு அங்க ஓட்டு கிடையாது, அதனால "நாங்க ஆதரவு" "நாங்க எதிர்ப்பு" "இதை திருத்துனா ஆதரவு"ன்னு லெட்டர் போடும். அந்த நிலைப்பாட்டை யார் எடுக்குறாங்கன்னு நான் கேட்டதே 2025ல எஸ்பி 79 (செனட் பில் 79) வந்தப்பதான். ரயில் ஸ்டேஷன்ல இருந்து அரை மைலுக்குள்ள அடுக்குமாடி வீடு கட்ட விடணும், சில இடத்துல ஒன்பது மாடி வரைக்கும்னு சொன்ன பில். நான் ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல வாடகைக்கு இருக்கறவன், எனக்கு அது வேணும். சரி கவுன்சில் மீட்டிங்ல பேசுவோம், அப்புறம் அவங்க ஓட்டு போடுவாங்கன்னு நெனச்சு அஜெண்டா வரும் வரும்னு காத்திருந்தேன், கடைசில பாத்தா லெட்டர் போயே போச்சு. எதிர்ப்பு லெட்டர். மேயர் கையெழுத்து போட்டு.

எப்படிங்க கவுன்சில்ல வராமலேன்னு சிட்டி ஹாலுக்கு போன் பண்ணேன். ஒரு ஸ்டாஃப் மேடம் எடுத்தாங்க, இருபது நிமிஷம் பொறுமையா விளக்குனாங்க (ஒரு ஸ்டார் இவங்களுக்குன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்). விஷயம் என்னன்னா ஒவ்வொரு டிசம்பர்லயும் கவுன்சில் "லெஜிஸ்லேட்டிவ் பிளாட்ஃபார்ம்"னு ஒரு டாக்குமெண்ட் பாஸ் பண்ணும். அதுல பொதுவா வரி வரியா இருக்கும், உள்ளூர் ஸோனிங் (எந்த இடத்துல என்ன கட்டலாம்ங்கற ரூல்) அதிகாரத்தை குறைக்கிற சட்டத்தை எதிர்ப்போம், பணம் குடுக்காம வேலையை மட்டும் தலைல கட்டுற சட்டத்தை எதிர்ப்போம், இப்படி. அப்புறம் வருஷம் பூரா எந்த பில் வந்தாலும் அந்த வரிக்குள்ள அடங்குச்சுன்னா ஸ்டாஃப் லெட்டர் அடிச்சு மேயர்கிட்ட நீட்டலாம், கவுன்சிலுக்கு போகவே வேணாம். அடங்கலைன்னாதான் மீட்டிங்குக்கு வரும். அதாவது எஸ்பி 79க்கு எங்க ஊர் என்ன சொல்லும்ங்கறது அந்த பில்லை எழுதறதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சு!

இதுல நியாயம் இல்லாம இல்ல. சட்டசபை கமிட்டில பில் வர்ற தேதிக்கு சில நாள் முன்னாடியே லெட்டர் போய் சேரணும், கவுன்சில் கூடுறதோ மாசத்துக்கு ரெண்டு தடவை, அதுக்கும் பிரவுன் ஆக்ட்படி (கவுன்சில் மாதிரி அமைப்புங்க மீட்டிங்கை பொது ஜனத்துக்கு தெரிய நடத்தணும்ங்கற கலிஃபோர்னியா சட்டம்) 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டா ஒட்டணும். ஒவ்வொரு பில்லுக்கும் கூடிப் பேசுனா பில் தாண்டிப் போயிடும். புரியுது.

ஆனா அந்த லெட்டர் இருக்கே. வாங்கிப் படிச்சேன். எங்க ஊர் பத்தி ஒரு வார்த்தை இல்ல. சிட்டிகளுக்குன்னு இருக்கிற சங்கம், கலிஃபோர்னியா சிட்டிஸ் லீக், 1898ல இருந்து இருக்கு, அவங்க இந்த பில்லை எதிர்த்தாங்க. இந்த மாதிரி பில்லுக்கெல்லாம் மெம்பர் சிட்டிகளுக்கு மாதிரி லெட்டர் அனுப்புவாங்க, நாம பேரை மாத்தி போட்டா போதும். எங்காளுங்க பேரை மட்டும் மாத்துனாங்க. ரெண்டாவது பக்கத்துல மஞ்சள் கலர்ல "உங்கள் நகரத்தின் உதாரணத்தை இங்கே சேர்க்கவும்"னு இருந்தது அப்படியே இருக்கு. அதுக்கு கீழ மேயர் கையெழுத்து. சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

சரி அது போய் என்ன ஆச்சுன்னும் தேடுனேன். சட்டசபை வெப்சைட்ல பில் நம்பர் போட்டா கமிட்டி அனாலிசிஸ் கிடைக்கும், அதோட கடைசி பக்கத்துல ஆதரவு யாரு எதிர்ப்பு யாருன்னு மொய் நோட்டு மாதிரி வரிசையா பேர். எங்க ஊரும் ஒரு வரி. அவ்ளோதான், உள்ள என்ன எழுதியிருக்குன்னு அங்க வராது. மஞ்சள் வரியும் யார் கண்ணுலயும் பட்டிருக்காது, அது ஒரு நிம்மதி. இன்னொண்ணு, பில்லை அதுக்கப்புறம் பல தடவை திருத்துனாங்க, எங்க லெட்டர் மட்டும் பழைய பில்லை திட்டிட்டு அங்கயே நின்னுச்சு. 2025 அக்டோபர் 10ல கவர்னர் நியூசம் கையெழுத்தும் போட்டுட்டார்.

லாஸ் ஏஞ்சலஸ்ல இது வேற மாதிரி. ஒரு கவுன்சில் மெம்பர் தீர்மானம் கொண்டு வரணும், சீஃப் லெஜிஸ்லேட்டிவ் அனலிஸ்ட்னு கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்ற ஆபீஸ் ரிப்போர்ட் எழுதும், அப்புறம் ஃபுல் கவுன்சில் ஓட்டு, மேயர் சம்மதம். எல்லாத்துக்கும் ஒரு ஃபைல் நம்பர், யார் வேணா தேடிப் படிக்கலாம். இதே எஸ்பி 79ஐ அங்கயும் 2025 ஆகஸ்ட்ல எதிர்க்கத்தான் செஞ்சாங்க, ஆனா 8க்கு 5ன்னு ஓட்டு விழுந்துச்சு. எனக்கு புடிக்காத முடிவுதான், இருந்தாலும் அந்த அஞ்சு பேர் யாருன்னு தெரியுதுல்ல. எங்க ஊர்ல ஏழு பேர் என்ன நெனச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அதனால டிசம்பர் மீட்டிங்குக்கு போனேன். பிளாட்ஃபார்மை கன்சென்ட் காலண்டர்ல போட்டிருந்தாங்க, அதாவது பத்து பதினஞ்சு ஐட்டத்தோட சேத்து ஒரே ஓட்டுல முடிக்கறது. பொது ஜனம் மூணே பேர், அதுல ஒருத்தர் மரம் வெட்டுனதுக்கு சண்டை போட வந்தவர். எனக்கு மூணு நிமிஷம். ஸோனிங் வரியில "ஸ்டேஷன் பக்கத்து வீடுகள் பத்துன பில்னா கவுன்சிலுக்கு கொண்டு வந்துட்டுதான் லெட்டர்"னு ஒண்ணு சேருங்கன்னு கேட்டேன். ஒரு கவுன்சில் மெம்பரம்மா அந்த ஐட்டத்தை தனியா எடுத்து, சேக்கலாமேன்னாங்க, போன்ல பேசுன அதே மேடம் ஸ்க்ரீன்ல டைப் அடிச்சு காட்டுனாங்க, 4க்கு 3ல பாஸ். நம்பவே முடியல.

போகணும்னு நெனக்கறவங்க பில் வர்ற மாசம் போகாதீங்க, டிசம்பர்ல போங்க, காபி கூட ஃப்ரீ (சுமார்தான்). ரெண்டு ஸ்டார் கட் ஆனது அந்த லெட்டருக்கு. இன்னும் சிட்டி வெப்சைட்ல மஞ்சளோடயே தொங்குது, அதை முதல்ல எடுங்கப்பா.