ஒரே சொல்லால் ஓர் அகராதிச் செயலியை அளந்தபோது

ஓர் அகராதியின் தரத்தை அறிய, அரிய சொற்களைத் தேடுவதைவிட எல்லாருக்கும் தெரிந்த ஓர் எளிய பெயர்ச்சொல்லைத் தேடுவதே நல்ல வழி என்று கருதுகிறேன். அரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும். அதை எந்த அகராதியும் ஒரு வரியில் சொல்லிவிடும். அன்றாடச் சொல்லோ பல நூற்றாண்டுகளாகப் பலர் வாயில் புழங்கி, பொருள்மேல் பொருள் ஏறி வந்திருக்கும். அதனால், இரண்டு ஆண்டுகளாக என் மொழிபெயர்ப்பு வேலைக்குப் பயன்படுத்திவரும் இலவச ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலி ஒன்றை, ‘போர்டு’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். இதே வார்ப்பில் பல செயலிகள் இருப்பதால், இதன் பெயரைவிட இதன் குறைகளே வாசகருக்குப் பயன்படும்.

எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர், வெளிநாட்டுக் கல்லூரி அனுப்பிய கட்டண விவரத்தில் ‘ரூம் அண்ட் போர்டு’ என்று இருந்த வரியை இச்செயலியில் இட்டுப் பார்த்தார். ‘அறையும் பலகையும்’ என்று விடை வந்தது. எழுதுபலகைக்கு எதற்கு இவ்வளவு பெரிய கட்டணம் என்று அவர் என்னிடம் கேட்ட பிறகுதான், அந்த வரியில் உள்ள ‘போர்டு’ வேளைதோறும் வழங்கப்படும் உணவைக் குறிக்கிறது என்று சொல்ல முடிந்தது. அதற்குள் அவர் உணவுச் செலவைத் தனியே கணக்கிட்டு, கல்விக் கடன் தொகையையும் உயர்த்தி எழுதியிருந்தார். அகராதியின் பிழை ஒருவரின் பணக்கணக்கு வரை எட்டிவிடும் என்பதை அன்று நேரில் கண்டேன்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். செயலி இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குகிறது. எழுத்து தெளிவாக இருக்கிறது. ஒலிப்பு வசதி மிக நன்று. ‘கப்’, ‘போர்டு’ என்னும் இரண்டும் சேர்ந்த சொல்லில் நடுவிலுள்ள பகரம் ஒலிக்காது, ‘கபர்டு’ என்றே சொல்ல வேண்டும் என்பதை அதன் ஒலிப்பதிவு சரியாகக் காட்டுகிறது. ஆனால் பேச்சுவழித் தேடலில் ‘போர்டு’ என்று சொன்னால், அதே ஒலியுடைய, ‘சலிப்புற்ற’ என்று பொருள்படும் வேறொரு சொல்லுக்கே பெரும்பாலும் கொண்டுபோகிறது. இரண்டையும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும்; அதைச் செய்யவில்லை.

உண்மையான குறை பொருள் விளக்கத்தில்தான் இருக்கிறது. பலகை, அட்டை, குழு, வாரியம், மேசை, கப்பல் தளம் என்று ஆறு சொற்களைக் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் நிறுத்திவிடுகிறது செயலி. எந்தப் பொருள் எந்த இடத்துக்கு உரியது, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படிக் கிளைத்தது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தொடர்ச்சியைக் காட்டினால் இச்சொல்லைப் போல எளிதில் மனத்தில் நிற்கும் சொல் வேறில்லை. பழைய ஆங்கிலத்தில் இதற்கு மரப்பலகை என்று பொருள். பலகையைக் கால்கள்மேல் கிடத்தினால் உணவு மேசை. மேசையிலிருந்து அதன்மேல் படைக்கப்படும் உணவு. அதே மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுப்போரின் குழு. மாணவியின் கட்டண விவரத்தில் இருந்த உணவும், ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவும் ஒரே மேசையிலிருந்து எழுந்தவை.

தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது கடினமே அன்று. புலவர்கள் வீற்றிருந்து நூல்களை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் சங்கப் பலகையை நாம் அறிவோம். பலகை அவையின் அடையாளமாவது நமக்குப் புதிதில்லை. குழு என்ற பொருளில் நாம் வழங்கும் ‘வாரியம்’ வேறு வழியில் வந்த சொல். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என ஊர்ச் சபையின் உட்குழுக்களுக்கு வழங்கிய பெயர் அது. இவ்வளவு பொருத்தமான சொல் கைவசம் இருந்தும், எடுத்துக்காட்டு வாக்கியத்தில் இச்செயலி ‘பலகை தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது’ என்று எழுதியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கப்பல் தொடர்பான பொருள்களில் நிலைமை இன்னும் மோசம். கப்பலின் பக்கவாட்டையும் இச்சொல் குறித்தது. ஒருவர் அந்தப் பக்கச் சுவர்களுக்கு உள்ளே இருந்தால் ‘ஆன் போர்டு’, அதைத் தாண்டிக் கடலில் விழுந்தால் ‘ஓவர்போர்டு’. பழங்காலக் கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் அந்தப் பக்கம் ‘ஸ்டார்போர்டு’ ஆனது. விண்மீனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் செயலி ‘நட்சத்திரப் பலகை’ என்கிறது. இடப்பக்கத்துக்கு வழங்கிய ‘லார்போர்டு’, காற்றிலும் இரைச்சலிலும் வலப்பக்கப் பெயரைப் போலவே கேட்டுக் குழப்பம் விளைவித்ததால், 1844-இல் பிரித்தானியக் கடற்படை அதை விலக்கி ‘போர்ட்’ என்ற வேறு சொல்லைப் பயன்படுத்த ஆணையிட்டது. எழுத்தில் ‘போர்டு’ போலத் தோன்றும் இந்தப் ‘போர்ட்’ துறைமுகத்தோடு தொடர்புடையது என்பதையும் ஓர் அகராதி சொல்லியாக வேண்டும்.

பயன்பாட்டுக் குறிப்புகள் அறவே இல்லாததைத்தான் நான் பெருங்குறையாகக் கருதுகிறேன். ‘ஆன் போர்டு’ என்று இடைச்சொல் இன்றி வந்தால் கப்பலிலோ விமானத்திலோ இருப்பது. இடையில் ‘த’ சேர்ந்து ‘ஆன் த போர்டு’ என்று வந்தால் பலகையில் எழுதியிருப்பது அல்லது ஒரு குழுவில் உறுப்பினராக இருப்பது. ஒரு சிறு சொல்லில் பொருள் முழுவதும் மாறிவிடுகிறது. உணவு என்ற பொருளில் வரும்போது இது எண்ணப்படாத பெயர், பன்மை ஏற்காது. ‘ஃபுல் போர்டு’ என்றால் தங்கும் விடுதி மூன்று வேளையும் உணவளிக்கும், ‘ஹாஃப் போர்டு’ என்றால் காலை உணவோடு இன்னொரு வேளை மட்டும். குழு என்ற பொருளில் வரும்போது பிரித்தானிய ஆங்கிலம் பன்மை வினையையும் ஏற்கும், அமெரிக்க ஆங்கிலம் ஒருமையையே விரும்பும். ஒளிவுமறைவற்றது என்று பொருள்படும் ‘அபவ் போர்டு’, கைகளை மேசைக்கு மேலே எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துச் சீட்டாடும் நேர்மையிலிருந்து வந்தது. செயலி அதற்கு ‘பலகைக்கு மேல்’ என்கிறது.

பொருள்களை எந்த வரிசையில், எந்த அடிப்படையில் தருவது என்பதற்கு நல்ல முன்மாதிரிகள் உள்ளன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி பழைய பொருளில் தொடங்கிக் கால வரிசையில் செல்கிறது. 1987-இல் வெளிவந்த காலின்ஸ் கோபில்ட் அகராதி, உண்மையான பயன்பாட்டிலிருந்து திரட்டிய வாக்கியங்களை அடிப்படையாகக் கொண்டது. இச்செயலி இரண்டையும் பின்பற்றவில்லை.

எழுத்துக்கூட்டலையும் ஒலிப்பையும் சரிபார்க்க விரும்புவோர் இதைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். கடிதம், ஒப்பந்தம், கட்டண விவரம் போன்றவற்றைப் படிப்போர் இதன் விடையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மதிப்பீடு ஐந்துக்கு இரண்டரை. ‘உணவு’ என்ற பொருளைச் சேர்க்கும்படி திருத்தப் படிவத்தின் வழியே நான் எழுதியிருந்தேன். அண்மையில் வந்த பதிப்பில் அது ஏழாவது சொல்லாக, எடுத்துக்காட்டு ஏதுமின்றி, அந்த வரியின் இறுதியில் சேர்ந்திருக்கிறது.