வெள்ளி இலைக் கொடிக்கு மலையில் தண்ணீர்: பூவாளியா, தட்டா, திரியா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து வீடுகளின் கண்ணாடி வராண்டாக்களில் மணி பிளான்ட்டுக்கு அருகிலேயே இடம்பிடித்திருக்கும் கொடி, சாட்டின் போத்தோஸ். கரும்பச்சை இலையில் வெள்ளித் திட்டுகளுடன் பட்டுப்போல் மினுங்கும் இதன் தாவரவியல் பெயர் சிந்தாப்சஸ் பிக்டஸ். சேம்பும் கருணையும் சேர்ந்த அரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் வெப்பமான மழைக்காடுகளில் மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறி வளரும் இயல்புடையது. அப்படிப்பட்ட செடியைக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கக்கூடிய ஊரில் வளர்க்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். மதுரையிலும் சென்னையிலும் பலன் தரும் ‘வாரம் இருமுறை’ என்ற கணக்கை அப்படியே மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தால் செடி அழுகிப்போகும்.

இங்கே போட்டியில் இருப்பவை மூன்று முறைகள். பூவாளியால் மேலிருந்து ஊற்றுவது பழைய முறை. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, அடித்துளை வழியாக மண்ணே உறிஞ்சிக்கொள்ள விடுவது இன்னொன்று. அடியில் நீர்த்தேக்கமும் நடுவே பருத்தித் திரியும் வைத்து, கலவை எப்போதும் ஈரமாக இருக்கும்படி செய்யும் தொட்டி மூன்றாவது. மூன்றையும் எடைபோடுவதற்கு முன்னால், குளிரில் வேர் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

மண் குளிர்ந்தால் வேர் நீரை உறிஞ்சும் வேகம் குறைகிறது. மூடுபனி வராண்டாவுக்குள்ளேயே வந்து நிற்கும் நாட்களில் காற்று ஈரத்தால் நிறைந்திருப்பதால், இலை வழியாக வெளியேறும் நீரும் மிகக் குறைவு. ஊற்றிய தண்ணீர் செலவாகாமல் மண்ணிலேயே தங்கி, மண் துகள்களுக்கிடையே காற்று இருக்க வேண்டிய இடங்களை அடைத்துக்கொள்கிறது. மூச்சுவிட முடியாத வேர் இறக்கிறது. இறந்த வேரில் அழுகல் பூஞ்சை குடியேறுகிறது. மலையில் இந்தக் கொடி பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்ப் பற்றாக்குறை காரணமல்ல, தேவையில்லாத நேரத்தில் தேங்கிய தண்ணீரே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இந்த அளவுகோலில் முதலில் தோற்பது திரித் தொட்டி. வெயில் நிறைந்த சமவெளி மாடியில், தினமும் நீரைக் குடித்துத் தீர்க்கும் செடிக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் கொடி விரும்புவது நனைந்து, பிறகு பாதிக்கு மேல் காய்ந்து, மீண்டும் நனையும் சுழற்சியை. திரியோ காயும் கட்டத்தையே இல்லாமல் செய்துவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை நனைக்கும் காலத்தில், திரி நனைத்த கலவையின் மேற்பரப்பில் பாசி படர்வதும், சிறு கருப்புக் கொசுபோன்ற பூச்சிகள் எழும்பிப் பறப்பதும் வழக்கம். ஒரு வாரம் கோயம்புத்தூருக்குப் போய் வருவோர் திரியை நம்பத் தேவையில்லை. புறப்படும் முன் ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டுச் சென்றால், குளிர்காலத்தில் இரண்டு வாரம் வரைகூடத் தாங்கும்.

தட்டு முறைக்கு உண்மையான தகுதி ஒன்று உண்டு. நர்சரியிலிருந்து வரும் தொட்டிகளில் பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவே அதிகம். அது முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்க மறுக்கும், மேலிருந்து ஊற்றுவது தொட்டியின் உட்சுவரை ஒட்டி ஓடி அடியில் வடிந்துவிடும், நடுவிலுள்ள வேர்க்கட்டி உலர்ந்தே கிடக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பகல் வெயில் சுள்ளென்று அடித்துக் காற்று வறண்டிருக்கும்போது இப்படி நேர்வதுண்டு. அப்போது தொட்டியை இரண்டு அங்குலத் தண்ணீரில் அரைமணி நேரம் நிறுத்தி, மேல்மண் கருத்து ஈரம் தெரிந்ததும் எடுத்து வடியவிடுவதே சரி. எடுக்க மறந்து இரவெல்லாம் தட்டிலேயே விட்டால் திரித் தொட்டியின் கேடுகள் எல்லாம் இதற்கும் வந்துசேரும். எப்போதும் அடியிலிருந்தே நீர் ஏறினால் உரத்திலுள்ள உப்புகள் மேல்மண்ணில் வெள்ளையாகப் படிந்துவிடும். அவற்றைக் கழுவி இறக்க, எப்படியும் அவ்வப்போது மேலிருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும்.

ஆகவே ஆண்டின் பெரும்பகுதிக்கும் பூவாளிதான் என் தேர்வு, ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. தொட்டியின் அடித்துளைகளில் வழிந்து வரும்வரை முழுதாக ஊற்ற வேண்டும். தினமும் ஒரு கை ஊற்றிவைப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து, அடிவேரைப் பட்டினி போடும். காலையில், வெயில் ஏறிய பிறகு ஊற்ற வேண்டும். இரவெல்லாம் வெளியே தண்ணீர்த்தொட்டியில் கிடந்து சில்லிட்ட தண்ணீரை நேரே வேரில் கொட்டாமல், உள்ளே எடுத்துவைத்து அறையின் சூட்டுக்கு வந்தபின் கொடுப்பது நல்லது. இலையில் தண்ணீர் பட்டால் வெள்ளி கரைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது பூசிய பொடியன்று. இலையின் மேல்தோலுக்கு அடியிலுள்ள மெல்லிய காற்று இடைவெளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றும் மினுக்கம். தூசி படிந்தால் ஈரத்துணியால் தாராளமாகத் துடைக்கலாம்.

தெளிப்பானால் இலைக்கு நீர் தெளிப்பதை நான்காவது முறையாகச் சொல்வோர் உண்டு. வேருக்கு அது எதையும் தருவதில்லை. மூடுபனி ஊரில் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் தேவையும் இல்லை. மாலையில் தெளித்த துளி இரவெல்லாம் இலையில் தங்கினால், மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளிகள் வர வழிசெய்யும்.

எந்த முறையானாலும், எப்போது ஊற்றுவது என்பதை நாட்காட்டி சொல்லாது, செடி சொல்லும். தாகமெடுத்த இலை, மடித்த வெற்றிலைபோல் இரு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்டு, தொட்டால் மெல்லியதாகத் துவண்டிருக்கும், நிறம் மாறியிருக்காது. நனைத்த சில மணி நேரத்தில் சுருள் பிரியத் தொடங்கும். இதற்கு மாறாக, அடியிலை மஞ்சளாகி, கணுவருகில் தண்டு பழுப்பேறி, அழுத்தினால் கூழாக நசுங்கினால், அது தண்ணீர் மிகுந்ததன் அடையாளம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருண்டிருப்பதுதான் ஏமாற்றும் நிலை. வேர் அழுகியதாலும் இலைக்கு நீர் எட்டாமல் போகும். தாகமென்று எண்ணி அப்போது மேலும் ஊற்றினால் செடி மீளாது. தென்னை ஈர்க்கு ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகிச் சற்று நேரம் கழித்து உருவினால் ஐயம் தீரும்: ஈரம் ஏறி மண் ஒட்டிக்கொண்டு வந்தால் பொறுக்கலாம், பாதிக்கு மேல் உலர்ந்து சுத்தமாக வந்தால் ஊற்றலாம். விரலை ஒரு கணு ஆழம் நுழைத்துப் பார்ப்பது இங்கே போதாது, ஏனெனில் மலைவெயிலில் மேல்மண் விரைவில் காய்ந்தாலும் அடிமண் பல நாள் ஈரமாகவே இருக்கும்.

தொட்டியைப் பொறுத்தவரை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எங்கும் சுட்ட மண்தொட்டிதான் நல்லது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் கசிந்து ஆவியாகும். பிளாஸ்டிக் தொட்டியே கையிலிருந்தால், நார்க்கழிவோடு பாதியளவு மரப்பட்டைத் துண்டுகளும் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகளும் கலந்து நடலாம்.

உதகைவாசிகளுக்குத் தனியாக ஒரு சொல். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழும் ஊர் அது. அங்குள்ள தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார்ச் செடிகளால் மூடிக் காப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களில் சாட்டின் போத்தோஸை வராண்டாக் கண்ணாடியிலிருந்து அகற்றி, சமையலறைச் சுவரோரம்போல் வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, ஈர்க்கு முழுக்கக் காய்ந்து வரும்வரை தண்ணீரே காட்டாமல் இருப்பது நல்லது. மார்ச்சில் புதுத்தளிர் விரியத் தொடங்கியதும், மண் பாதிக்கு மேல் காய்ந்ததும் ஊற்றும் வழக்கத்துக்குத் திரும்பலாம்.