மில்கிராமா, ஸ்டான்ஃபோர்டா?

நல்ல மனிதருக்குள் கொடுமை பதுங்கியிருக்கிறதா என்ற பேச்சு வந்தாலே இந்த இரண்டு சோதனைகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். எனக்கு இரண்டும் சமமாகப் படவில்லை.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கியது முதலாவது. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால், சோதனைக்கு வந்தவர் அவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டிலிருந்து 450 வரை 30 விசைகள். அதிர்ச்சி போலி, ஆனால் விசையை அழுத்துபவரிடம் அதைச் சொல்லவில்லை. 300 வோல்ட்டில் சுவரை இடிக்கும் சத்தம், அப்புறம் பதிலே இல்லை. வியர்த்து, உதட்டைக் கடித்து, நடுங்கிக்கொண்டே 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள். யாரும் மிரட்டவில்லை. ‘தொடருங்கள்’ என்று சோதனையை நடத்தியவர் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவரே வெளியே போய்த் தொலைபேசியில் உத்தரவிட்டபோது கீழ்ப்படிந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். சிலர் குறைந்த அதிர்ச்சி கொடுத்துவிட்டு, கூட்டியதாகப் புளுகவும் செய்தார்கள்! கொடூர ஆசை இருந்தவர்கள் ஏன் புளுக வேண்டும்?

1971 ஸ்டான்ஃபோர்ட் சோதனைதான் கேட்க விறுவிறுப்பு. ஒரு போலிச் சிறை அமைத்து, காவலர், கைதி என்று மாணவர்களைப் பிரித்தார் உளவியலாளர் ஃபிலிப் ஜிம்பார்டோ. காவலர்களின் அட்டகாசத்தால் இரண்டு வாரத் திட்டம் ஆறே நாளில் நின்றது. சரி, ஆனால் கடுமையாக நடக்கும்படி சோதனைக் குழுவே காவலர்களைத் தூண்டியது ஒலிப்பதிவில் இருக்கிறது. ஜிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளர் வேறு. தானாக முளைத்தது எது, சொல்லிக்கொடுத்தது எது என்று பிரிக்க வழியில்லை.

மில்கிராமிலும் சிலர் அதிர்ச்சி போலி என்று சந்தேகித்ததுண்டு. இருந்தாலும் நான் அதன் பக்கம்தான்.