பட்டுப்போற பலா மரம்: வெட்டுறதா, மொட்டையடிக்கிறதா, விட்டுப் பாக்குறதா?

இலங்கை மலைநாட்டுல பதுளை, பசறைப் பக்கம் வீட்டு வாசல்ல நிக்கிற பழைய பலா உச்சியில இருந்து காய ஆரம்பிச்சா வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி ஆயிடும், ஒரு ஆள் உடனே வெட்டுங்கம்பாரு, இன்னொரு ஆள் தாத்தா வச்ச மரம் இருக்கட்டும்பாரு. மொதல்ல மரத்தப் பாருங்க. கிளைய கத்தியால லேசா சுரண்டினா உள்ளுக்கு பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு, பட்டை காஞ்சு பொருக்கா உரிஞ்சு வந்தா அந்தக் கிளை போச்சு. தூர்ல காளான் பூத்து, ஒரு பக்கம் வேர்கிட்ட மண்ணு வெடிச்சு எழும்பியிருந்தா இனி நாள் கடத்த ஏலாது.

உச்சி மட்டும் காஞ்சதுன்னா காப்பாத்திப் பாக்கலாம். காஞ்சத எறக்கிட்டு, கான் (வடிகால்) வெட்டி தண்ணிய வெளிய விடுங்க, பலாவுக்கு வேர்ல தண்ணி தேங்கினா ஆகவே ஆகாது. ஆனா கூரைப் பக்கம் சாஞ்ச மரத்துக்கு இந்தப் பொறுமை வேணாம்.

மொட்டையடிச்சு பத்தடி உயரத்துக்கு அடிமரக் குத்திய மட்டும் விட்டா காத்து புடிக்க ஒன்னுமில்ல, மரங்கொத்தியும் குக்குறுவானும் பொந்து போடும். விழுந்தா வீடு, பாதை, கரண்ட் கம்பி எதுலயும் படாத மரத்துக்கு எனக்கு புடிச்ச வழி இதுதான். தேயிலைய கவ்வாத்து பண்ணினா (கிளைய வெட்டிவிட்டா) துளிர்க்கிற மாதிரி இதுவும் துளிர்க்கும்னு மட்டும் நம்பிறாதீங்க.

வீட்டுக்கு மேல நிக்கிறதுன்னா வெட்டத்தான் வேணும், அதுவும் நல்லா காயுறதுக்கு முந்தியே, ஏன்னா செத்துப்போன கிளை ஏறுற ஆளோட பாரம் தாங்காம படக்குனு முறியும். பலாவ நெனச்சவுடன வெட்டவும் ஏலாது, மரம் வெட்டுறதக் கட்டுப்படுத்துற 1951ம் வருஷத்து சட்டப்படி அனுமதி வேணும், கிராம சேவகர்கிட்ட சொல்லி பிரதேச செயலகத்துல எடுக்கணும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல்னா தோட்ட ஆபீஸ்லயும் கேளுங்க.

நம்ம மலைச் சரிவுல பெரிய விஷயம் வேர்தான். வெட்டினதோட வாசல் சுத்தமாகட்டும்னு தூரையும் தோண்டி எடுக்கிறாங்க, அத மட்டும் செய்யவே செய்யாதீங்க. செத்த வேர் கொஞ்ச வருஷம் மண்ண புடிச்சிருக்கும், பொறகு உக்கி விட்டுரும், அதுக்குள்ள புது வேர் எறங்கியிருக்கணும். அதனால பதுளைப் பக்கம் ஒக்டோபர் மழைக்கு முந்தி வெட்டி முடிச்சு, அந்த மழையிலயே கொஞ்சம் தள்ளி பலாக் கன்னு ஒன்னும், மேட்டு ஓரத்துல வெட்டிவேரும் நட்டுருங்க.